அடித்தவர்களோடு அமர்ந்த ஹனீபா நானா

செய்தி வந்தபோது நான் மண்டபத்தில் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஹனீபா நானா செய்யும் வேலை. அந்தச் சனிக்கிழமை அவரை நேரத்துக்குக் காணவில்லை. தொலைபேசியில் அவருடைய மூத்த மகள் வந்தாள். "அன்ரி, வாப்பா மௌத்தாகிட்டார்" என்றாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. வேறு யாரோ வாங்கி மிச்சத்தைச் சொன்னார்கள். விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடித்து வந்து, தேத்தண்ணி கேட்டுவிட்டு முற்றத்தில் இருந்திருக்கிறார். தேத்தண்ணியோடு மனைவி வெளியே வந்தபோது உயிர் போயிருந்தது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொண்டச்சியில் அடக்கம் என்றார்கள்.

அதற்குள் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் சனிக்கிழமைக் குழுவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஆண்கள், மனைவியை அடித்தவர்கள். சிலரை நீதிமன்றம் அனுப்பியிருந்தது. சிலரை மனைவிமார், "அங்க போகாட்டி நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களிடம் நான் செய்தியைச் சொன்னேன். ஓலைத்தொடுவாய்க் கடற்றொழிலாளி ஒருவர், இங்கே அவரை அருள் என்று அழைக்கிறேன், எழும்பி, "மிஸ், மச்சானிட்ட வான் இருக்கு. கொண்டுவாறன். எல்லாருமாப் போவம்" என்றார்.

இதை வாசிக்கும் நீங்கள் ஹனீபா நானாவை வெவ்வேறு விதமாக அறிந்திருப்பீர்கள். முசலிப் பக்கத்தில் அவரிடம் கணிதம் படித்தவர்களுக்கு அவர் கண்டிப்பான வாத்தியார். அவருடைய பழைய ஸ்கூட்டருக்குப் பின்னால் போக நேர்ந்தவர்களுக்கு அவர் ஒரு புகைமூட்டம். எனக்கு அவர் கூட வேலை செய்தவர், நானா என்று நான் கூப்பிட்ட அண்ணன். ஆசிரியத் தொழிலை இடையில் விட்டு, உளவளத்துணை படித்து, எங்கள் ஆலோசனை நிலையத்துக்கு வந்தவர். நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய அந்தக் குழுவைப் பற்றி அவர் வெளியே அதிகம் பேசியதில்லை. ஆகவே அதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அருளையும் அவருடைய மனைவியையும் பற்றி எழுதலாமா என்று இருவரிடமும் தனித்தனியே கேட்டுத்தான் எழுதுகிறேன். தனித்தனியே கேட்பது எங்கள் வேலையின் முதல் விதி.

அந்தக் குழு வேண்டாம் என்று முதலில் சண்டை பிடித்தவள் நான்தான். அதுவரை எங்களிடம் பெண்கள் மட்டுமே வந்தார்கள். முகம் வீங்கி வருவார்கள், கதைப்பார்கள், அழுவார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரும் நேரமாகிவிட்டது என்று அதே வீட்டுக்குத் திரும்பிப் போவார்கள். ஒருநாள் கூட்டத்தில் நானா சொன்னார்: "அடி வாங்கினவவை இருத்தி, எப்பிடித் தாங்கிறது எண்டு சொல்லிக்குடுக்கிறம். அடிச்சவரை ஒருத்தரும் கூப்பிட்டு இருத்திறேல்ல. அவர்தானே தங்கச்சி மாறவேணும்?"

எனக்குக் கோபம் வந்தது. அடித்தவனுக்கும் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுக்கப் போகிறோமா என்று கேட்டேன். இரண்டு வகுப்புக்கு வந்துவிட்டு, "நான் திருந்திட்டன், வழக்கை வாபஸ் வாங்கு" என்று மனைவியை நெருக்குவார்கள் என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. "ஓம், நெருக்குவாங்கள். அதுக்கு என்ன செய்யலாம்? நீங்களே சொல்லுங்கோ" என்றார். நான் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொரு மனைவியோடும் நான் தனியே தொடர்பில் இருப்பேன். அவர்கள் சொல்வதில் ஒரு சொல்லும் கணவன் காதுக்குப் போகக்கூடாது. குழுவுக்கு வருவது மன்னிப்புக்கான பத்திரம் அல்ல. ஒரு பெண்ணுக்கு ஆபத்து என்று நான் சொன்னால் அந்த இடத்திலேயே மற்ற எல்லாம் நிற்க வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இன்னொன்றையும் தானே சேர்த்தார்: "குழுவை நான் தனிய நடத்தமாட்டன். நீங்களும் பக்கத்தில இருக்கவேணும். ஒரு பொம்பிளை மறுத்துக் கதைக்க, ஒரு ஆம்பிளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறதை அவங்கள் கண்ணால பாக்கவேணும்."

அப்படித்தான் தொடங்கினோம். நாங்கள் கைக்கொண்ட முறைக்குப் புத்தகத்தில் அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். நானா அந்தப் பெயரை மண்டபத்துக்குள் கொண்டுவரவே இல்லை. வெண்பலகையில் ஒரு மனிதனை வரைந்து, தலைக்குள் எண்ணம், நெஞ்சில் உணர்வு, கையில் செயல் என்று எழுதுவார். அவருக்குச் சித்திரம் கொஞ்சமும் வராது. தலை அவ்வளவு பெரிதாக வந்தது. "சேர், இது ஆளோ ஊதின பேத்தை மீனோ?" என்று ஒருவர் கேட்க, அவரே முதலில் சிரித்தார்.

முதல் நாள் அருள் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருடைய முறை வந்தபோது சொன்னார்: "சேர், நான் வேணுமெண்டு அடிக்கிறேல்ல. கோவம் வந்தா எனக்குக் கண் தெரியாது."

"அப்பிடியோ" என்றார் நானா. "கடைசியா வெளியில ஆரோட கோவம் வந்தது?"

"கடலில ஒருத்தன் தன்ர படகால என்ர வலையை அறுத்துப்போட்டான். கொல்லவேணும் போல இருந்தது."

"அடிச்சனீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

அருள் சற்று யோசித்தார். "அவன் பெரிய ஆள் சேர். திருப்பி அடிப்பான். பொலிசுக்கும் போவான்."

"அப்ப அந்த நேரம் கண் நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் நானா. யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார். "இதைக் கேட்டு வெக்கப்படத் தேவையில்லை. இது நல்ல செய்தி. உங்கட கோவம் உங்களைக் கேட்டுத்தான் வருது. கேட்டு வாறதெண்டால், வேண்டாம் எண்டும் சொல்லலாம்தானே."

அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் எனக்குத்தான் அது புதிய செய்தியாக இருந்தது என்று நினைக்கிறேன். அந்த மனிதர்களிடம் அவர் குற்றத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. உன்னால் முடியாது என்று தள்ளியும் விடவில்லை.

இன்னொரு நாள், ஆறிய சோற்றைப் பற்றிய பேச்சு. வீட்டுக்குப் போகிறீர்கள், சோறு ஆறிக் கிடக்கிறது, முதலில் வரும் எண்ணம் என்ன என்று கேட்டார். "என்னை மதிக்கேல்ல" என்றார் ஒருவர். "சோறு அப்பிடிச் சொன்னதோ?" என்றார் நானா. "சோறு ஆறினது நடந்த விசயம். மதிக்கேல்ல எண்டது நீங்கள் மேலால போட்ட குழம்பு." பல வாரங்களுக்கு அந்தக் குழம்பு குழுவின் பேச்சுமொழியாகிவிட்டது. யாராவது தன் மனைவி இப்படி நினைக்கிறாள், அப்படி நினைக்கிறாள் என்று தொடங்கினால், பக்கத்தில் இருப்பவரே "அண்ணை, குழம்பு, குழம்பு" என்பார்.

இடைவெளி எடுப்பதையும் பழக்கினார். உடம்பு சூடாகிறது, கை இறுகுகிறது என்று தெரிந்தவுடன், எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே போய் நடக்க வேண்டும். குடிக்கக்கூடாது. சொன்ன நேரத்துக்குத் திரும்பி வரவேண்டும்.

அருள் எல்லோரையும் விட விரைவாகப் பிடித்துக்கொண்டார். எண்ணம், உணர்வு, செயல் என்று அழகாகப் பிரித்துச் சொல்வார். புதிதாக வருகிறவர்களுக்கு அவரையே பேசவைக்கலாம் என்று நானா மகிழ்ந்திருந்தார். அந்த வாரம்தான் நான் அருளின் மனைவியோடு பேசினேன். அவரை றீற்றா என்று அழைக்கிறேன். தையல் வகுப்புக்கு வரும் நேரத்தில், அங்குள்ள ஆசிரியையின் தொலைபேசியில் பேசுவது எங்கள் ஏற்பாடு.

"அடி இல்லை மிஸ். அது உண்மை" என்றார் றீற்றா.

வேறு என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"நான் ஏதும் கேட்டா, உன்ர எண்ணம் பிழை, நான் வகுப்பில படிச்சனான் எண்டுறார். பிறகு இடைவெளி எடுக்கிறன் எண்டு வெளிக்கிட்டுடுவார். எங்க போறார், எப்ப வருவார், ஒண்டும் தெரியாது. போகேக்க என்ர போனையும் கொண்டுபோயிடுவார். முந்தி அடிச்சாலாவது சனத்துக்குத் தெரியும். இதை ஆரிட்டச் சொல்லுறது?"

நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. நாங்கள் கொடுத்த சொற்களையே அந்த மனிதர் வீட்டில் ஆயுதமாகப் பிடித்திருந்தார். "நான் அவர்ர வாயைப் பாத்து ஏமாந்திட்டன்" என்றார். பிறகு உடனே கேட்டார்: "றீற்றாவுக்கு இப்ப ஆபத்து இருக்கோ?" கேட்டுவிட்டேன், இப்போதைக்கு இல்லை என்கிறார் என்றேன். அவசரமென்றால் எந்த வீட்டுக்குப் போவது, பிள்ளைகளை எப்படிக் கூட்டிப்போவது என்பதை றீற்றாவும் நானும் பேசி முடித்திருந்தோம். அவர் பெருமூச்சு விட்டார். "அவ சொன்னதில ஒரு புள்ளியும் என்ர வாயால வரக்கூடாது. ஆனா அவருக்கு விளங்கவும் வேணும்" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் வேறு சிந்தனை இல்லாமல் இருந்தார். தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு, குடித்ததே தெரியாமல் இருந்ததைப் பார்த்தேன்.

சனிக்கிழமை வட்டத்தின் நடுவே ஒரு கதிரையைப் போட்டார். "இண்டைக்கு ஒவ்வொருத்தரும் உங்கட மனுசியா இருந்து பதில் சொல்லப்போறியள். நான் கேப்பன்" என்றார். முதலில் இருந்தவர் பெண்குரலில் பேசி எல்லோரையும் சிரிக்கவைத்தார். இரண்டாவது ஆள் அவ்வளவு சிரிக்கவைக்கவில்லை. மூன்றாவதாக அருள் வந்து இருந்தார். மற்றவர்களிடம் கேட்டதையே நானா அவரிடமும் கேட்டார். றீற்றா சொன்ன எதையும் தொடவில்லை.

"நீங்கள் இப்ப றீற்றா. வீட்டில நிக்கிறியள். அவர் வாற சத்தம் கேக்குது. என்ன செய்யிறியள்?"

"பைக் சத்தமோ சேர்? பைக் சத்தம் கேட்டா... பிள்ளையளை உள்ளுக்குப் போகச் சொல்லுவன்."

"ஏன்?"

"சத்தம் போடுவினம். இவருக்குப் பிடிக்காது."

"பிறகு?"

"கறிச்சட்டியத் திறந்து பாப்பன். உப்புப் பாப்பன்." அருளின் குரல் மெதுவாகிக்கொண்டு போனது. "போனை... போனை மேசையில வைப்பன். தெரியிற மாதிரி."

"பிறகு?"

"வாசலுக்கு வருவன். முகத்தைப் பாப்பன்."

"ஆற்ற முகத்தை?"

"இவர்ர..." அவர் நிறுத்தினார். "என்ர முகத்தை."

"அந்த முகத்தில என்ன தேடுறா?"

அருள் தலையைக் குனிந்து, இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நானா அவரை அவசரப்படுத்தவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. பிறகு அருள், "நான் இப்ப அடிக்கிறேல்ல சேர். ஆனா அவ இன்னும் அப்பிடித்தான் நிக்கிறா" என்றார்.

"வீடு அமைதியா இருக்கிறதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்டு நிம்மதி, மற்றது பயம். வெளியில நிண்டு கேட்டா ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். உள்ளுக்க இருக்கிற ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும்" என்றார் நானா.

அதற்கடுத்த மாதங்களில் அருள் மாறினார் என்பதை நான் அருளிடமிருந்து அறியவில்லை. றீற்றாதான் சொன்னார். போன் தன் கையிலேயே இருக்கிறது என்றார். இடைவெளி எடுத்தால் சொல்லிவிட்டுப் போகிறார், சொன்ன நேரத்துக்கு வருகிறார் என்றார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. ஒருநாள் றீற்றா பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தீவைத் தாண்டிப் பெருநிலத்தில் உள்ள தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். கணவனிடம் சொல்லிவிட்டே போனார்.

அருள் நிலையத்துக்கு ஓடிவந்தார். குழு நாள்கூட இல்லை. "அடிக்கேக்கயெல்லாம் இருந்தவ. நான் திருந்தின பிறகு ஏன் சேர் போறா?" என்று சத்தம் போட்டார். நான் கதவருகில் நின்றேன். அவர் முன்பு எப்படிப்பட்டவர் என்பது எனக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருந்தது.

நானா அவரை இருக்கச் சொன்னார். "முந்தி அவ போகவேணும் எண்டு கேட்டிருந்தா விட்டிருப்பீங்களோ?"

"இல்லை."

"இந்த முறை?"

"பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டனான்."

"அப்ப விளங்கிக்கொள்ளுங்கோ. நீங்கள் மாறினபடியாத்தான் அவவால போக முடிஞ்சது. கோபிச்சுக்கொண்டு போன மாதிரி எடுக்காதேங்கோ. பயமில்லாமல் போன முதல் பயணம் அது."

அருள் மேசையில் முகத்தை வைத்து அழுதார். நானா எழும்பிப் போய் அவருக்குத் தண்ணீர் எடுத்துவந்தார். அருள் அழுதார் என்பதற்காகத் தான் சொன்னதை மட்டும் கொஞ்சமும் மாற்றவில்லை.

அடுத்த வாரம் அருளின் பெரியப்பாவும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் வந்தார்கள். நல்ல மனிதர்கள், அக்கறையோடுதான் வந்தார்கள். "பெடியன் திருந்திட்டான். நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னா அந்தப் பிள்ளை வந்திடும். சேர்த்துவையுங்கோ, புண்ணியமாப் போகும்" என்றார்கள். நானா அவர்களுக்குக் கதிரை போட்டு, மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஐயா, சேர்த்துவைக்கிறது என்ர வேலை இல்லை. ஒரு வீட்டில அடி நிக்கவேணும். அதுதான் என்ர வேலை. மிச்சம் அந்தப் பிள்ளையின்ர முடிவு." பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனார்.

அன்று பின்னேரம் நானா ஒரு விசயத்தைச் சொன்னார். இளவயதில், இடம்பெயர்ந்து புத்தளத்தில் முகாமில் இருந்த காலத்தைப் பற்றி அவர் பேசியது அந்த ஒருமுறைதான். "தென்னோலைக் கிடுகால அடைச்ச வீடுகள் தங்கச்சி. ஒரு வீட்டில நடக்கிறது எல்லா வீட்டுக்கும் கேக்கும். பக்கத்து வீட்டில ஒரு மனுசி அடி வாங்குவா. நாங்கள் எல்லாரும் முழிச்சுக்கொண்டு கிடப்பம். ஒருத்தரும் எழும்பிப் போறேல்ல. நானும் போகேல்ல. அது அவன்ர குடும்ப விசயம் எண்டு எல்லாருமாச் சேர்ந்து முடிவெடுத்த மாதிரி." சொல்லி முடித்ததும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு கொண்டச்சிக்குப் போய்விட்டார்.

அருள் ஒரு சனிக்கிழமையும் தவறாமல் வந்தார். பிள்ளைகளைப் பார்க்க வரலாமா என்று றீற்றாவிடம் கேட்டு, வா என்றால் போனார். இன்றைக்கு வேண்டாம் என்றால் போகாமல் இருந்தார். போகாமல் இருந்த நாட்களைப் பற்றிக் குழுவில் சொல்வார். அந்த நாட்களில் என்ன எண்ணம் வந்தது, அதை என்ன செய்தார் என்று சொல்வார். முன்பு போல அழகாகப் பேசவில்லை. திக்கித் திக்கிப் பேசினார். "இப்பத்தான் படிக்கிறார்" என்று நானா என் காதில் சொன்னார்.

அந்தப் பள்ளித் தவணை முடிந்தபோது றீற்றா திரும்பி வந்தார். யாரும் சேர்த்துவைக்கவில்லை. தன் தையல் வேலை, தன் போன், விரும்பும்போது அக்கா வீட்டுக்குப் போய்வருவது, இதெல்லாம் பேசி முடித்துக்கொண்டு வந்தார். சில மாதம் கழித்து நான் கேட்டபோது, "நேற்று அவரோட நல்லாச் சண்டை பிடிச்சனான் மிஸ்" என்றார். அடித்தாரா என்று உடனே கேட்டேன். அவர் சிரித்தார். "நான்தான் சத்தம் போட்டனான். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்." நானாவிடம் அதைச் சொன்னேன். பள்ளிக்கூடப் பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் சித்தியடைந்தது போல அவர் மேசையில் தட்டினார்.

எல்லாக் கதையும் அப்படி முடியவில்லை. பாதியில் போனவர்கள் உண்டு. மீண்டும் அடித்து சிறைக்குப் போனவரும் உண்டு. நானா அவர்களை மறைத்துப் பேசியதில்லை. ஒருவர் திரும்ப அடித்தார் என்று அறிந்தால், முதலில் அந்தப் பெண்ணின் முறைப்பாட்டுக்கு வேண்டியதைச் செய்வார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதரைப் பற்றிக் கவலைப்படுவார். அந்த ஒழுங்கு ஒருநாளும் மாறியதில்லை.

கொண்டச்சியில் அன்று நான் பெண்களோடு வீட்டுக்குள் இருந்தேன். நானாவின் மனைவி, நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்தார். எங்கள் குழுவினர் தயங்கித் தயங்கி வாசலில் நின்றார்கள். அவர்களில் பாதிப்பேர் ஒரு ஜனாஸா வீட்டுக்கு முன்னர் வந்ததில்லை. ஒருவர் தொப்பி இல்லையே என்று கைக்குட்டையைத் தலையில் கட்டியிருந்தார். "இவங்கதானா?" என்று ராத்தா கேட்டார். ஓம் என்றேன். அவர் மகனைக் கூப்பிட்டு, "அந்த ஆக்களையும் தோள் குடுக்கச் சொல்லு. வாப்பா சந்தோசப்படுவார்" என்றார். அருளும் மற்றவர்களும் பள்ளிவாசல் வரை நானாவின் உடல் வைத்த சந்தூக்கைத் தோள்மாற்றிச் சுமந்தார்கள். எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று ஊர்க்காரர் சொல்லச் சொல்ல, கவனமாகக் கேட்டு நடந்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று பல நாட்களாக யோசித்தேன். முன்பு எனக்கு இரண்டு வழிகள்தான் தெரியும்: ஒருவனை வெறுப்பது, அல்லது அவனுக்காகச் சாக்குச் சொல்வது. சாக்குச் சொல்லாமலும் ஒரு மனிதனை மதிக்கலாம் என்பதை நான் நானாவிடம் கண்டேன். நீ செய்தது பிழை, அதை நிறுத்த உன்னால் முடியும் என்று ஒரே மூச்சில் சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த இரண்டில் ஒன்றை விட்டாலும் மற்றது பொய்யாகிவிடும். இதை நான் வைத்திருக்கிறேன்.

கடந்த சனிக்கிழமை குழு மீண்டும் கூடியது. பாப்பாமோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு புதியவர் வந்திருந்தார். வயல்வேலை செய்கிற இளம் மனிதர். உள்ளே வராமல் கதவருகில் நின்று என்னையும் வட்டத்தையும் பார்த்தார்.

"இங்க ஒரு சேர் இருக்கிறார் எண்டவை. அவர் இல்லையோ?"

"அவர் இல்லை தம்பி. நான் இருக்கிறன். வாங்கோ, இருங்கோ."

அவர் கதிரையின் விளிம்பில் இருந்தார். இருந்தவுடனேயே மனைவியைப் பற்றித் தொடங்கினார். அவள் அன்று என்ன சொன்னாள், எப்படி வாய்காட்டினாள் என்று வேகமாகச் சொன்னார். நான் முழுவதையும் கேட்டேன். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அவ செய்ததைக் கேட்டன். இனி நீங்கள் செய்ததைச் சொல்லுங்கோ" என்றேன்.

அவர் நிலத்தைப் பார்த்தார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு அவர் சொல்லத் தொடங்கினார்.